ஏழையின் வழக்கை உடன் சுமந்தோர்
ஹில்ஃபுல் ஃபுளூல் முதல் வட்டச் சட்டப் பணிகள் குழு வரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வரலாறு பயில்வோர் அனைவரும் அறிந்த ஊர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் எடுத்துக் கொடுத்த ஓலைக்குரியவர் வாரியத்தில் அமர்ந்தார். முன்னர்ப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும் விலக்கப்பட்டனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தகைய விதிகளைக் கல்லில் வெட்டிவைத்த ஊரைத் தமிழர் பெருமையோடு நினைவுகூர்வதில் வியப்பில்லை.

எனினும் அக்கல்வெட்டு மற்றொரு செய்தியையும் மறைக்காமல் சொல்கிறது. வாரியத்தில் இடம்பெற விழைபவர் இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவராகவும், 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டவராகவும், வேதக் கல்வி கற்றவராகவும் இருத்தல் வேண்டும். அரைக்கால் வேலி நிலமே உடையவர் கூடுதலான கல்வித் தகுதியைக் காட்ட வேண்டும். உத்திரமேரூர் அக்காலத்தில் ஒரு பிரமதேயம். அச்சபை அதன் நிலவுடைமையாளரின் சபை. அவ்வூரின் வைரமேக தடாகத்தில் மண் சுமந்தவரும், அதன் நீரால் வயலில் உழைத்தவரும் அதில் அமர்ந்திருக்க வழியில்லை. இன்றைய அளவுகோலைக் கொண்டு பத்தாம் நூற்றாண்டைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நிலமற்ற ஒருவனுக்கு அநீதி இழைக்கப்பட்டால் அவனை அச்சபை மண்டபத்திற்கு அழைத்து வந்தவர் யார், அவனுக்காகப் பேசியவர் யார் என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி. தீர்ப்பளிப்பவரின் தகுதி பற்றி உலக வரலாறு ஏராளமாகப் பேசுகிறது. முறையிடுபவனுக்குத் துணை நின்றவர் பற்றி அது பேசுவது குறைவு. அந்தக் குறைவான செய்திகளைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரை.

முறையிடுவதற்கும் விலை உண்டு

நீதி இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வர். ஆனால் முறையிடுவதற்கு எப்பொழுதும் ஒரு விலை இருந்து வந்துள்ளது. கட்டணம் அதில் ஒரு பகுதியே. கூலி வேலை செய்பவர் நீதிமன்றத்திற்குச் செல்லும் நாளில் கூலியை இழக்கிறார். வலியவரை எதிர்த்து நிற்பதால் வரும் அச்சம் வேறு. இவற்றோடு பேச்சுத் திறன் என்ற ஒன்றும் உண்டு.

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகழ்பெற்ற நபிமொழி ஒன்று இக்கடைசிச் செய்தியைத் தொடுகிறது. வழக்காட வரும் இருவரில் ஒருவர் மற்றவரைவிட நாவன்மை மிக்கவராக இருக்கக்கூடும் என்றும், அவர் பேச்சைக் கேட்டு மற்றவரின் உரிமையைத் தாம் அவருக்குத் தீர்ப்பளித்துவிட்டால் அது அவருக்கு நெருப்புத் துண்டே என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இந்நபிமொழியை அறிஞர்கள் பெரும்பாலும் பொய் வழக்காடுவோருக்கான எச்சரிக்கையாகவே விளக்குவர். அதன் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். நேர்மையான நீதிபதியின் முன்னிலையிலும் பேசத் தெரியாதவர் தம் உரிமையை இழக்க நேரலாம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆகவே பேசத் தெரியாதவருக்காகப் பேசுவோர் தேவைப்படுகின்றனர்.

இத்தேவையை ஃபிக்ஹு நூல்கள் 'அல்வகாலத்து பில் குஸூமா', அதாவது வழக்காடப் பிரதிநிதியை அமர்த்துதல், என்ற தலைப்பில் ஆராய்கின்றன. அலீ (ரலி) அவர்கள் தம் வழக்குகளில் தம் சகோதரர் அகீல் (ரலி) அவர்களையும், பின்னர் அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்களையும் பிரதிநிதியாக நியமித்தார்கள். நோயோ நெடும்பயணமோ இல்லாதபோது எதிர்த்தரப்பின் சம்மதமின்றி வக்கீலை அமர்த்துவது அவரைக் கட்டுப்படுத்தாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்தம் மாணவர் இருவரும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் சம்மதம் தேவையில்லை என்றனர். பொது இடங்களுக்கு வந்து பழக்கமில்லாத பெண் வக்கீல் அமர்த்தினால் அதை ஏற்றே ஆக வேண்டும் என்று ஹனஃபி அறிஞர் அபூபக்ர் அர்ராஸீ (ரஹ்) விளக்கினார். சபைக்கு வந்து பேச இயலாதவரின் உரிமை அதனால் அழிந்துவிடலாகாது என்ற அக்கறையே இதன் அடிப்படை.

நம் தமிழிலும் அதன் சுவடு உண்டு. வக்கீல், வக்காலத்து, முன்சீப், ஜாமீன், ஆஜர், ரத்து, தாவா என நாம் நீதிமன்றத்தில் வழங்கும் சொற்கள் பலவும் அரபு மூலத்திலிருந்து வந்தவை. 'முன்சீப்' என்பதற்கு இன்ஸாஃப் செய்பவர், நடுநிலை காப்பவர் என்று பொருள்.

அபூகுபைஸ் குன்றின் மீது எழுந்த குரல்

துணை நிற்றல் ஓர் அமைப்பாக உருப்பெற்ற பழைய நிகழ்ச்சி ஒன்றை நம் வரலாறு பாதுகாத்துள்ளது. யமனின் ஸபீது ஊரைச் சேர்ந்த வணிகர் ஒருவர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டு வந்தார். பனூ ஸஹ்ம் குலத்தின் செல்வாக்கு மிக்க ஆஸ் இப்னு வாயில் அதை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுத்தார். அவ்வணிகருக்கு மக்காவில் குலமோ உறவோ இல்லை. அவர் அணுகிய குலத்தினர் ஆஸைப் பகைக்க அஞ்சி அவரையே கடிந்தனர். குறைஷியர் கஅபாவைச் சூழ அமர்ந்திருந்த காலை வேளையில் அவர் அபூகுபைஸ் குன்றின் மீதேறி உரத்த குரலில் முறையிட்டார்.

ஸுபைர் இப்னு அப்துல் முத்தலிப் முயற்சியால் பனூ ஹாஷிம், ஸுஹ்ரா, தைம் முதலிய குலத்தவர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடினர். அநீதி இழைக்கப்பட்டவர் மக்காவாசியாயினும் அயலூராராயினும் அவர் உரிமை திரும்பக் கிடைக்கும்வரை அவருடன் ஒரே கையாக நிற்போம் என உறுதி பூண்டனர். பின்பு அவர்களே ஆஸின் இல்லத்திற்குச் சென்று சரக்கை மீட்டு உரியவரிடம் ஒப்படைத்தனர். இதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். ஏறத்தாழ இருபது வயது நிரம்பிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவ்வுடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். நபித்துவம் பெற்ற பின்னரும், இஸ்லாத்திலும் அதற்கு அழைக்கப்பட்டால் தாம் ஏற்பதாகக் கூறினார்கள்.

இந்நிகழ்ச்சியில் ஒன்று உற்றுநோக்கத்தக்கது. உடன்படிக்கை செய்தவர்கள் நீதிமன்றம் ஒன்றை நிறுவி, முறையிட விரும்புவோர் வரலாம் என்று அறிவித்துவிட்டுக் காத்திருக்கவில்லை. அநீதிக்குள்ளானவருடன் அவர்களே நடந்து சென்றனர். அவ்வுறுதி நெடுங்காலம் உயிருடன் இருந்தது. உமைய்யாக்கள் காலத்தில் மதீனாவின் ஆளுநராயிருந்த வலீத் இப்னு உத்பா, ஹுஸைன் (ரலி) அவர்களுடன் ஒரு சொத்துத் தகராறில் அதிகாரத்தைப் பயன்படுத்த முற்பட்டபோது, ஹில்ஃபுல் ஃபுளூலின் பெயரால் அழைப்பு விடுப்பேன் என்று அவர்கள் எச்சரித்தார்கள். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) உள்ளிட்டோர் துணை நிற்க முன்வரவே ஆளுநர் இணங்கினார் என்று இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார்.

மளாலிம் அவையும் அதன் எல்லையும்

பின்னாளில் அரசே இப்பொறுப்பை ஏற்றது. ஆட்சியாளரும் அதிகாரிகளும் செல்வாக்குடையோரும் இழைக்கும் கொடுமைகளை விசாரிக்க 'மளாலிம்' என்ற தனி அவை உருவாயிற்று. ஹிஜ்ரி 450-இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) தம் 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' நூலில் இதற்கென ஓர் இயலை ஒதுக்கி, அங்கே ஹில்ஃபுல் ஃபுளூலையும் நினைவுகூர்கிறார். முறையீடுகளுக்கென ஒரு நாளை முதலில் ஒதுக்கியவர் உமைய்யாக் கலீஃபா அப்துல் மலிக் என்கிறார். காவலர், காழிகள், சட்ட அறிஞர், எழுத்தர், சாட்சிகள் ஆகிய ஐவகையினரின்றி இவ்வவை நிறைவுறாது என்றும் வரையறுக்கிறார்.

அப்பாஸியக் கலீஃபா மஃமூன் ஞாயிற்றுக்கிழமைகளில் முறையீடு கேட்பவர். ஒரு நாள் கந்தல் ஆடை அணிந்த பெண்ணொருத்தி வந்து, தன் நிலத்தைப் பறித்தவர் கலீஃபாவின் மகன் அப்பாஸ் என்றாள். மகன் அப்பெண்ணருகே அமர்த்தப்பட்டான். அவள் குரல் உயர்ந்தபோது அவையினர் அடக்க முற்பட, உண்மைதான் அவளைப் பேச வைத்தது என்று கூறித் தடுத்த மஃமூன், அவள் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க ஆணையிட்டார். நூருத்தீன் ஸங்கீ திமிஷ்கில் 'தாருல் அத்ல்' என்னும் நீதி மாளிகையைக் கட்டினார். தில்லி சுல்தான் இல்துத்மிஷ், அநீதிக்குள்ளானோர் வண்ண ஆடை அணிந்து வந்தால் தாம் கண்டுகொள்ள இயலும் என ஏற்பாடு செய்ததையும், இரவில் முறையிட அரண்மனை வாயிலின் பளிங்குச் சிங்கங்களில் மணி கட்டியதையும் இப்னு பதூதா எழுதியுள்ளார்.

இவை நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்திகளே. ஆயினும் இவற்றின் எல்லையையும் உணர வேண்டும். மணியை அசைக்க முதலில் தில்லிக்குச் செல்ல வேண்டும். மஃமூனின் அவையில் நின்ற பெண் எத்தனை காவலர்களைக் கடந்து உள்ளே வந்தாள் என்பதை எவரும் எழுதவில்லை. மன்னரின் இறையச்சம் அவரோடு மறைந்துவிடக்கூடும். வாயிலை அடைந்தவருக்குக் கிட்டிய நீதி, வாயிலை அடைய இயலாதவருக்கு எட்டாமலேயே போயிற்று.

முத்திரைத்தாளும் பாப்பர் வழக்கும்

ஆங்கிலேயர் ஆட்சி நீதிமன்றத்தை மாவட்டந்தோறும் கொண்டுவந்தது. அதன் படியேறக் கட்டணமும் விதித்தது. வங்க மாகாணத்தில் 1795-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் வழக்குக் கட்டணத்தை நியாயப்படுத்தியபோது, வீண் வழக்குகளைத் தடுப்பதே அதன் நோக்கம் என்றது. ஏழையின் மெய்யான வழக்கையும் அது சேர்த்தே தடுக்கும் என்பதால் 1835-இல் மெக்காலேயே அவ்வாதத்தைக் கடுமையாகச் சாடினார். ஆயினும் கட்டணம் நீங்கவில்லை. 1870-இல் நீதிமன்றக் கட்டணச் சட்டமாக நிலைபெற்றது. இதற்கிடையே 1864-ஆம் ஆண்டின் 11-ஆவது சட்டம் நீதிமன்றங்களில் இந்து, முஸ்லிம் சட்ட அதிகாரிகளின் பதவிகளை அகற்றியது.

வழி முற்றிலும் அடைக்கப்பட்டதென்றும் கூற இயலாது. ஏழையர் கட்டணமின்றி வழக்காடலாம், அவருக்கு வழக்கறிஞரும் அமர்த்தப்படலாம் என்று இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி காலத்திலேயே, 1495-இல், சட்டம் இருந்தது. அதன் வழிவந்த ஏற்பாடு 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் 33-ஆவது கட்டளையாக இடம்பெற்றது. 'பாப்பர் வழக்கு' என்று நம் முன்னோர் வழங்கியது இதுவே. ஆனால் பாப்பர் எனத் தம்மை நிறுவுவதே முதல் வழக்காயிற்று. தம்மிடம் உள்ளவற்றைப் பட்டியலிட்டு, தாம் ஏழைதான் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பித்த பின்னரே தம் குறையைச் சொல்ல முடிந்தது. 'பாப்பர்' என்ற இழிவான சொல்லை 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. வழக்கறிஞர் இல்லாத வறியவருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை அமர்த்தவும் வழி செய்தது.

கருணை உரிமையான வரலாறு

விடுதலைக்குப் பின் மாற்றம் மெதுவாகவே வந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு 1973-இல் அறிக்கை அளித்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 39-ஏ பிரிவைச் சேர்த்து, பொருளாதாரக் குறைவால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது, இலவசச் சட்ட உதவியை அரசு அளிக்க வேண்டும் என்ற நெறியை வகுத்தது.

நெறி உயிர்பெற்றது 1979-இல். பீகார்ச் சிறைகளில் விசாரணையே தொடங்காமல் ஆண்டுக்கணக்காக வாடியோரைப் பற்றிக் காவல்துறை ஆணைய உறுப்பினர் கே.எஃப். ருஸ்தம்ஜி அவ்வாண்டு ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் எழுதினார். அவர்களுள் சிலர், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் பெற்றிருக்கக்கூடிய தண்டனைக் காலத்தைவிடக் கூடுதலாகச் சிறையில் இருந்துவிட்டனர். அதைப் படித்த வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தை நாடினார். சிறையிலிருந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயரால் 'ஹுஸைனாரா காத்தூன் வழக்கு' என அது வரலாற்றில் நிலைத்தது. வறிய குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இலவசச் சட்ட உதவி அளிப்பது உயிர், உரிமை ஆகியவற்றைக் காக்கும் 21-ஆவது பிரிவின் பகுதியே என நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பளித்தார். இங்கும் முதலில் நிகழ்ந்தது என்ன? முறையிட இயலாதவர்களை நாடி வெளியிலிருந்து சிலர் சென்றனர்.

1986-இல் வந்த ஸுக் தாஸ் வழக்கின் தீர்ப்பு இன்னும் ஒரு படி முன்னே சென்றது. அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த குற்றஞ்சாட்டப்பட்டவர் சட்ட உதவி வேண்டுமென்று கேட்கவில்லை. ஆகவே தரவில்லை என்பது அரசுத் தரப்பு வாதம். தமக்கு அவ்வுரிமை இருப்பதையே அறியாதவர் எவ்வாறு கேட்பார் எனக் கருதிய உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. கேளாததால் உரிமை இழக்கப்படுவதில்லை என்ற இக்கோட்பாடு, வாயிலில் மணி கட்டிய மன்னர் காலத்து நீதியிலிருந்து நாம் எவ்வளவு தொலைவு வந்துள்ளோம் என்பதைக் காட்டுகிறது.

இவற்றின் விளைவே 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அது 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. தேசிய, மாநில, மாவட்ட ஆணைக்குழுக்களையும் வட்ட அளவிலான குழுக்களையும் அமைக்க அது வழிவகுத்தது. அதன் 12-ஆவது பிரிவை நம் வாசகர்கள் கவனமாக அறிந்துகொள்வது நலம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், கொத்தடிமை முறைக்கும் ஆள் கடத்தலுக்கும் ஆளானோர், பேரிடராலும் இன வன்முறையாலும் பாதிக்கப்பட்டோர், தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். இவர்களுக்கு வருமான வரம்பு இல்லை. ஏனையோர்க்கே வருமான வரம்பு உண்டு. அதற்கும் பொதுவாக அவரது உறுதிமொழிப் பத்திரம் போதுமானது. தாம் வறியவர் என மெய்ப்பிக்க ஒரு தனி வழக்கு நடத்திய பாப்பர் காலம் போயிற்று.

இதே சட்டம் மக்கள் நீதிமன்றத்திற்கும் வலிமை தந்தது. 1982-இல் குஜராத்தின் ஊனாவில் தொடங்கிய அம்முறையில் இரு தரப்பினரும் இணங்கிச் செய்துகொள்ளும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. செலுத்திய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அதற்கு மேல்முறையீடு இல்லை. ஆகவே உடன்பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் விளங்கிய பின்னரே கையொப்பமிட வேண்டும் என்பதை, குறிப்பாக நம் பெண்களுக்கு, எடுத்துரைப்பது கடமையாகும்.

எஞ்சியிருக்கும் தூரம்

சட்டம் இவ்வளவு வந்த பின்னும் உத்திரமேரூர் வட்டத்தின் சிற்றூரில் வாழும் ஒரு கூலித் தொழிலாளியை நினைத்துப் பார்ப்போம். உதவி பெறும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அதை அவருக்குச் சொன்னவர் யார்? 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பத்தினர் உள்ளிட்ட 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டனர். அம்முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. 43 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அம்மக்கள் நீதிமன்றத்தின் படியேறி வந்தவர்களல்லர். அலுவலர்கள் அவர்கள் இருந்த இடத்திற்குச் சென்றதாலேயே விடுதலை பெற்றனர்.

இத்தூரத்தைக் குறைக்கவே தேசிய ஆணைக்குழு 2009-இல் சட்டம் சார்ந்த தன்னார்வலர் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆசிரியரும் மாணவரும் ஓய்வுபெற்றோரும் பயிற்சி பெற்று, வழக்கறிஞருக்கும் ஊர் மக்களுக்கும் இடையே பாலமாக நிற்கலாம். அவர் வாதாடுவதில்லை, உரிமையை எடுத்துச் சொல்லி, மனு எழுத உதவி, உடன் செல்கிறார். ஹில்ஃபுல் ஃபுளூலில் பங்கேற்றோர் செய்ததும் இதுவன்றோ?

இங்கே நம் ஜமாஅத்துகளுக்கும் அரபுக் கல்லூரிகளுக்கும் ஒரு பணி காத்திருக்கிறது. மஹல்லாவில் இருவரைச் சமாதானப்படுத்துவது நற்செயலே. ஆனால் ஜமாஅத்தின் அறிவுரை நீதிமன்றத் தீர்ப்பாகாது. வாரிசுப் பங்கோ ஜீவனாம்சமோ மறுக்கப்பட்ட பெண் அவ்வறிவுரையில் நிறைவடையாதபோது, சட்ட உதவிக்குச் செல்லும் வழியை அவளுக்குக் காட்டுவதும் ஜமாஅத்தின் கடமையே. 'வெளியே போனால் நம் மானம் போகும்' என்று தடுப்பது, ஸபீது வணிகரைக் கடிந்தனுப்பிய குலத்தினரின் வழியாகும். அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆவது வசனம், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும், எதிரில் இருப்பவர் செல்வராயினும் வறியவராயினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு கட்டளையிடுகிறது.

இப்பணி முஸ்லிம்களுக்காக மட்டும் அமைதல் கூடாது. மக்காவாசி, அயலூரார் என்ற வேறுபாட்டை அண்ணலார் (ஸல்) பங்கேற்ற உடன்படிக்கை பார்க்கவில்லை. செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் உழைப்பவர் எச்சமயத்தவராயினும் அதன் நிழலுக்கு உரியவர்.

இலவச வழக்கறிஞர் அக்கறை காட்டமாட்டார் என்ற எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. அது எல்லா இடத்திலும் பொய் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் கடமையில் தவறினால் ஆணைக்குழுவிடமே முறையிடலாம். வழக்கின் போக்கைக் கண்காணிக்கும் ஏற்பாட்டை 2010-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் வகுத்துள்ளன. கேட்பார் இருக்கும் இடத்தில்தான் பணி சீர்படும். அவ்வாறு கேட்பதற்கும் உடன் ஒருவர் வேண்டும்.

அரபுக் கல்லூரியில் வகாலத்துப் பாடம் நடத்தும் நாம் 'வக்கீல்' என்ற சொல்லின் இலக்கணத்தை மாணவர்களுக்கு நுணுகி விளக்குகிறோம். அதே வகுப்பில் அரை மணி நேரம் ஒதுக்கி 12-ஆவது பிரிவையும் கற்பித்தால் அப்பாடம் முழுமை பெறும். ஜும்ஆவுக்குப் பின் மூன்று செய்திகளைச் சொன்னால் போதும். பெண்ணுக்கு வருமானச் சான்றிதழ் தேவையில்லை. காவலில் உள்ளவருக்கு வழக்கறிஞரை அரசே தர வேண்டும். 15100 என்ற எண்ணில் அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி கிட்டும். இவற்றைச் சொல்லிய பின், முறையிட அஞ்சும் ஒருவருடன் பேருந்தேறி நீதிமன்றம்வரை சென்றுவர அந்த மஹல்லாவில் இரண்டு பேர் முன்வந்தால், ஹில்ஃபுல் ஃபுளூலைப் பற்றி நாம் இதுவரை எழுதியும் பேசியும் வந்ததற்குப் பயன் உண்டாகும்.